ஐஸ் பேக்டரியின் பின்பக்கச் சுவர்

என் அத்தை, அப்பாவின் தங்கை, மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரிக்குக் காவல் இருந்தாள். மாமா அங்கே மெஷின் ஓட்டியவர். அவர் இறந்துபோன பிறகு முதலாளி சாவிக்கொத்தைக் கொடுத்து, கேட்டை ஒட்டிய அறையில் அவளை இருக்கச் சொன்னார். சம்பளம் பேருக்குத்தான், தங்க ஓர் அறை கிடைத்ததுதான் பெரிசு. அதில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. ஆனாலும் அவளுக்கு அது அரண்மனை. என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னால், "உன் பொண்டாட்டிக்கும் எனக்கும் ஒரே அடுப்பு சரிப்படாது, விடு" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

முன் கேட்டில் அவள் படு கறார். மின்சார மீட்டர் பார்க்க வருபவரிடம்கூட அடையாள அட்டை கேட்பாள். பின்பக்கம் கதையே வேறு. அங்கே சுவர் இடிந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. அப்பால் ஆஸ்பத்திரி. அங்கே துணி துவைக்கப் போகும் பெண்கள், சுற்றுவழி எதற்கென்று பேக்டரிக்குள் புகுந்து போனார்கள். 'அத்துமீறி நுழையாதீர்' என்று முதலாளி கொடுத்த போர்டை அத்தை அந்தச் சந்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். மாட்டிவிட்டு, புடவை தடுக்கி அவர்கள் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், கீழே செங்கல் அடுக்கிப் படியும் போட்டுக் கொடுத்தாள். இப்படி ஒரு காவலை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மழை பெய்த ஒரு காலையில் அந்தப் பெண்களில் ஒருத்தி நனையாமல் போக வேண்டுமென்று, வழக்கமான திறந்தவெளியை விட்டு பேக்டரிக் கொட்டகைக்குள் நடந்தாள். ஐஸ் உறைய வைக்கும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. நல்ல ஆழம், மேலே மரப்பலகைகள் போட்டு மூடியிருக்கும். உளுத்திருந்த பலகை முறிந்து உள்ளே விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. சத்தம் கேட்டு ஓடி, ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கியது அத்தைதான். சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் முதலாளி மேல் வழக்குப் போட்டாள்.

முதலாளியின் வக்கீல் அத்தையின் அறைக்கே வந்தார். நானும் இருந்தேன்.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. நாம கூப்பிட்டு வந்தவங்கள பத்திரமா பாத்துக்கணும். சொல்லாம புகுந்தவங்களுக்கு அந்த அளவு பொறுப்பு கிடையாது. ஆனா, அவங்க வர்றதும் தெரிஞ்சு, பலகை உளுத்ததும் தெரிஞ்சு, சும்மா இருந்தோம்னா மாட்டிக்குவோம். அதனால உங்களுக்கு எதுவும் தெரியாது. சரியா?"

"நான் போட்ட படி?"

"எந்தப் படி? அதெல்லாம் எடுத்தாச்சு." அறையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ரூம் விஷயத்துல முதலாளிக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. காலத்துக்கும் இருங்க."

மிரட்டலை இத்தனை மரியாதையாக நான் கேட்டதில்லை. அத்தை அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

கோர்ட்டில் அந்தப் பெண் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் அந்த வழியாக வருவது தெரியுமா என்று கூண்டில் நின்ற அத்தையிடம் முதலாளியின் வக்கீல் கேட்டார்.

"தெரியும்ங்க. அவங்க ஏறி வர நான்தான் படி போட்டேன். பலகை உளுத்துப் போச்சுன்னு முதலாளிகிட்ட பல தடவ சொன்னேன். திருட்டுத்தனமா வர்றவங்க விழுந்தா விழட்டும்னாரு." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நானாச்சும் சுத்தி ஒரு கயிறு கட்டியிருக்கலாம். கட்டல. அது என் தப்பு."

கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறாளே என்று பல்லைக் கடித்தேன். வக்கீல் காகிதங்களை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு அந்தப் பெண் பக்கம் வந்தது. அதற்கு முன்பே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான் ஏற்றப் போன அன்று எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சாட்சி சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அத்த?"

அவள் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லச் சொல்லியிருப்ப. நீ சொன்னா நானும் கேட்டிருப்பேன்டா."

வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். அவள் சொன்னது சரிதான். மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.