தழை போட்ட டப்பா

எண்பதுகளின் தொடக்கத்தில், புளி உலுக்கும் மாசி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். தோல் மண்டி, லாரி என்று சுற்றிவிட்டு, புளி வேலைக்கு மலையேறி, அங்கேயே தங்கிவிட்டேன்.

அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு சார், அவ்வப்போது புரொஜக்டர் வைத்துப் படம் காட்டுவார். அந்த முறை சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் கெஞ்சி வாங்கியது பிலிப்பைன்ஸ் நாட்டுப் படம். அந்த நாட்டில் பேர் வாங்கிய நாலு டைரக்டர்கள் சேர்ந்து எடுத்தது. ஆளுக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு பிலிம் டப்பா.

"நாலு பேரு சேந்து ஒரு படமா? ஒருத்தனால முடியலையா இன்னா?" என்று ஊர்க் கவுண்டர் கேட்டார்.

"நாலு வூட்டுக் கொழம்பு ஒரே எலைல வருதுங்க. துன்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் சார்.

புரொஜக்டர் முன்பே ஜீப்பில் வந்துவிட்டது. டப்பாக்கள் ஆலங்காயத்துக்கு பஸ்ஸில் வந்தன. எடுத்து வர சார் என்னை அனுப்பினார். மறுநாள் காலை அவை வேறு ஊருக்குப் போயாக வேண்டும், வேறு பிரதி கிடையாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். முன்பு தோல் மண்டியில் சரக்கு ஒன்று காணாமல் போனபோது, ஊர் உறவு இல்லாதவன் என்று என்னைத்தான் முதலில் பிடித்தார்கள். சார் என் பூர்வீகம் எதையும் கேட்காமல் டப்பாக்களை வாங்குவதற்கான சீட்டைக் கையில் கொடுத்தார். அதனால் கவனமாகவே நடந்தேன்.

பாதி மலையில், ஒரு திருப்பத்தில், கரடி. கூடவே குட்டி. டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்த காவடிக் கம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அது போன பிறகு வந்து பார்த்தால் மூன்று டப்பாதான் கிடந்தது. ஒன்று சரிவில் உருண்டிருந்தது. எட்டிப் பார்த்த வரைக்கும் தெரியவில்லை. மூன்றையும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். நடந்ததைச் சொன்னதும் சாரின் முகம் வெளுத்தது. ஆனால் அவர் கேட்டது, "கரடி உன்ன ஒண்ணும் பண்ணலியே?" என்றுதான். பக்கத்தில் நின்ற ஒருவர், "கரடியா? எந்தக் கடையில வித்தான்னு கேளுங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப இறங்கினேன். அந்தத் திருப்பத்தில், நாவல் மரத்தடிப் பாறைமேல் பச்சைத் தழை குவித்து எதையோ மூடியிருந்தது. அந்த மலையில் விறகோ தேனோ வழியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் மேலே தழை ஒடித்துப் போடுவார்கள். அதை யாரும் தொடக் கூடாது. வந்த புதிதில் தழை போட்ட விறகில் ஒரு குச்சி உருவியதற்கு நான் வாங்கிய ஏச்சு மறக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கமே போகாமல், சரிவில் இறங்கி முள்ளில் துழாவினேன். கையெல்லாம் கீறி ரத்தம். டப்பா இல்லை. இப்படியே ஆலங்காயம் இறங்கி எங்காவது பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

விறகுச் சுமையோடு வந்த ஒரு அம்மா நின்று, "இன்னாடா தேடுற?" என்றார்.

"ஒரு தகர டப்பா, யக்கா. உருண்டு போச்சு."

"பாற மேல தழ போட்டுக் கீதே, அத்தப் பாத்தியா?"

"அது வேற யாரோடதோ ஆச்சே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ கெடந்து எட்த்தாலும் தழ போட்டுத்தான் வெப்பாங்க. தொலச்சவன் இங்கதான தேடி வருவான்? ஊருக்கு எட்த்துக்கினு பூட்டா அவன் எங்கன்னு அலைவான்? போய்ப் பாரு, போ."

தழையை விலக்கினேன். டப்பா. ஓரம் நசுங்கியிருந்தது, மூடி திறக்கவில்லை. வெயில் படாத பக்கமாக, உருளாமல் இரண்டு கல் அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நீ வெச்சியா யக்கா?" என்று கேட்டேன். "நான் இப்பத்தான வர்றேன்" என்று நடந்துவிட்டார்.

ஊருக்குள் நுழைந்தபோது இருட்டியிருந்தது. திரையாகக் கட்டிய வெள்ளை வேட்டியில் மூன்றாவது கதை ஓடிக்கொண்டிருந்தது, சார் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பாவைக் காட்டினேன். பேச்சை நிறுத்தாமலே என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டுவந்தது இரண்டாவது கதை. அதைக் கடைசியில் ஓட்டினார். படகுத்துறையில் மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவின் கதை அது. நாலும் தனித்தனிக் கதை என்பதால் வரிசை மாறியது யாருக்கும் தெரியவில்லை. "கடசிக் கொழம்புதான் ருசி" என்றார் கவுண்டர். என்னைக் கேலி செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தழை போட்டது யார் என்று விசாரித்துப் பார்த்தேன், கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். இன்றும் எங்காவது யாரோ விட்டுப்போன பையைப் பார்த்தால், தேடிக்கொண்டு அவர் வரும்வரை அங்கேயே நின்றுவிடுகிறேன்.