ஊர் என்றால் எதுவரை

எங்கள் கல்லூரியின் சமூகப்பணிப் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி இருக்கிறது: இனவெறிக்கு எதிரான சமூகப்பணி. கடல் தாண்டி யாரோ எழுதியதை அப்படியே தூக்கிப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு வருஷா வருஷம் அதை நடத்துவது என் வேலை. பிள்ளைகள் தேர்வில் பிய்த்து உதறிவிடுவார்கள். தோலின் நிறத்தைப் பார்த்து வீடு தர மறுத்தது, பள்ளியில் தனியாக உட்கார வைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவார்கள். படிக்கிற எனக்கே கண்ணில் தண்ணீர் வரும். "சரி, நம்ம பக்கத்துல இது எப்படி இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் மட்டும் வகுப்பு மொத்தமும் மின்விசிறியைப் பார்க்கும். அப்புறம் ஒருவன் எழுந்து, "இப்பல்லாம் யாரு மேடம் அதையெல்லாம் பாக்கறாங்க?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பாய் வீட்டுப் பெண். அத்தாவுக்கு டவுனில் மெத்தைக் கடை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "வீடு காலிதாங்க, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்கு அத்துப்படி. ஆனாலும் ஒரு சௌகரியம் உண்டு. பெயரைச் சொன்னாலே நான் யார் என்று தெரிந்துபோகும். சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. அதையே தினம் தினம் யோசித்துக்கொண்டு வாழ்கிற ஒரு பெண் அந்த வருஷம் முதலாண்டில் வந்து சேர்ந்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. என்னையே, "மேடம், நீங்க திட்டலன்னா எங்களுக்கு அட்டெண்டன்ஸ் போட்ட மாதிரியே இல்ல" என்பாள். கிராம முகாமுக்குப் போவதற்கு முந்தின வாரம் ஆசிரியர் அறைக்கு வந்து, சுற்றிலும் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"மேடம், நான் காலனிப் பொண்ணு. உங்களுக்குத் தெரியும். பசங்களுக்குத் தெரியாது. முகாம்ல இந்தப் பேச்செல்லாம் வரும். அப்ப என்னைக் காட்டி ஒண்ணும் சொல்லிடாதீங்க மேடம். சொல்லணும்னு தோணுச்சுன்னா நானே சொல்லிக்கறேன்."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். "ரொம்ப யோசிக்காதீங்க மேடம், வாயைக் கட்டினாப் போதும்" என்று சிரித்துவிட்டுப் போனாள். கொழுப்பு.

முகாம் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளி விடுமுறை நாட்கள், அதனால் ஊராட்சிப் பள்ளியிலேயே தங்கல். மளிகைச் சாமான் எங்களுடையது. சமைத்துப் போட ஒத்துக்கொண்டது பள்ளியை ஒட்டின வீட்டு அம்மா. நல்ல விவசாயக் குடும்பம், கலகலவென்ற மனுஷி. அவர் வீட்டுக் கூடத்திலேயே பந்தி போட்டு எங்கள் எல்லாருக்கும் பரிமாறினார். முதல் நாளே அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. களி கிண்டும்போது கட்டி விழாமல் துடுப்பைப் பிடிக்க அவளுக்குத்தான் தெரிந்தது. அடுப்படிக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

"எந்தூரு கண்ணு நீ?"

"பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்க்கா."

"அங்க எந்தப் பக்கம்?"

"சித்தேரி மலைக்குப் போற பக்கம்க்கா."

"மலைக்குப் போற பக்கம்னா?"

"பஸ்ஸு திரும்புமில்லைங்க, அந்தப் பக்கம்."

கேட்ட கேள்வி வேறு, வந்த பதில் வேறு. அந்த அம்மா சிரித்து, "சாமர்த்தியக்காரி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். வாசலில் நின்று கேட்ட எனக்குத்தான் வியர்த்தது. அவள் அந்த அடுப்படியில் சந்தோஷமாக இருந்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டில் காய்ந்துபோன பெண்ணுக்குக் கீரை கடைசலும் களியும் ஒரு தாயின் அதட்டலும் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஒரு வார்த்தையில் அது போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் கிராம வரைபடம். காகிதத்தில் இல்லை. மக்களையே கூப்பிட்டு, தரையில் கோலமாவால் அவர்கள் வாழும் இடத்தை அவர்களே வரையச் செய்வது. எங்கள் பயிற்சியில் முக்கியமான வேலை அது. முந்தின நாள் மைக்கில் அறிவித்தவன் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பையன். இண்டூர்ப் பக்கம், நிலபுலன் உள்ள வீடு. மனசு தங்கம். "ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் மாரியம்மன் கோயில் திடலுக்குத் திரண்டு வருமாறு அன்புடன்..." என்று தேர்தல் பிரச்சாரம் மாதிரி முழங்கினான்.

காலையில் கூட்டம் வந்தது. கோலமாவும் கலர்ப்பொடியும் பறந்தன. "அட, டிரான்ஸ்பாரம் அங்க இல்லீங்க, இங்க!" "பால் சொசைட்டிக்கு முன்னால புளியமரத்தை வுட்டுட்டியே!" என்று ஒரே சண்டை. ரேஷன் கடை வந்தது, போர்வெல் வந்தது, யார் வீட்டு நாய் எங்கே படுத்திருக்கும் என்பது வரைக்கும் வந்தது. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து ரோட்டோடு வரைபடம் நின்றுவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் காலனி, அறுபது எழுபது வீடு இருக்கும்.

"காலனி எங்கீங்க?" என்று பையன் கேட்டான்.

எங்களுக்குச் சமைத்துப் போடும் அம்மாதான் பதில் சொன்னார். கையெல்லாம் மாவு. "ஊரைத்தானே கண்ணு போடச் சொன்னீங்க? காலனி எப்படி ஊர்ல வரும்?"

குரலில் துளி கள்ளம் இல்லை. கணக்குப் பாடத்தில் கேள்வியைத் தப்பாகப் போட்டுவிட்ட வாத்தியாரைப் பார்ப்பது மாதிரி அவனைப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் ஊர் என்றால் அதுதான் பொருள். ஊர் வேறு, காலனி வேறு. நாங்கள் கேட்டதற்கு அவர்கள் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். கலர்ப்பொடி டப்பாவோடு நின்ற அந்தப் பெண் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பள்ளி மைதானத்தில் அன்றைய வேலையைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். பையன் தன் குறிப்பை வாசித்தான்: "காலனி மக்களிடம் பங்கேற்பு ஆர்வம் குறைவாகக் காணப்படுகிறது."

"ஏம்ப்பா, அவங்களை யாரு கூப்பிட்டா?" என்றேன்.

"எல்லாரையும்தான் மேடம் கூப்பிட்டேன். ஊர்ப் பொதுமக்கள்னு தெளிவாச் சொன்னேனே."

"காலையில அந்தம்மா என்ன சொன்னாங்க? ஊர்னு கூப்பிட்டா அவங்க எப்படி வருவாங்க?"

அவனுக்கு நிஜமாகவே குழப்பம். கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு, அந்தத் தங்கமான பிள்ளை, வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முறையையே என் கண் முன்னால் கையாண்டான். "பாதிக்கப்பட்டவங்க குரலைத்தானே மேடம் முதல்ல கேக்கணும்? நம்ம பேட்ச்ல காலனியில இருந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்கப்பா, எங்களுக்குக் கொஞ்சம் புரிய வைங்க."

யா அல்லா! எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். நிறத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். அவள் குனிந்து மண்ணில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரும் கை தூக்கக் கூடாது!" நான் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காக்கா பறந்தது. "உனக்குப் புரிய வைக்க ஒருத்தர் தன்னை நடுவுல நிறுத்திக் காட்டணுமா? அவங்க என்ன உன் பாடப் புஸ்தகமா? நீ சொல்லு. உன் வீட்டைப் பத்திச் சொல்லு. உங்க ஊர்ல திருவிழாவுக்குக் கூட்டம் போட்டா யாரு யாரு வருவாங்க?"

"எல்லாரும் மேடம்."

"எல்லாரும்னா?"

"எங்க அப்பா, பெரியப்பா, மேலத் தெருக்காரங்க..." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். "காலனிக்காரங்க வர மாட்டாங்க. வந்தாலும் தள்ளித்தான் நிப்பாங்க."

"உங்க தோட்டத்துல வேலைக்கு வர்றவங்களுக்குத் தண்ணி எதுல குடுப்பீங்க?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "நான் அதைக் கவனிச்சதே இல்ல மேடம்" என்றான். பாவமாக இருந்தது. அவனைத் திட்டினது போதும் என்று விட்டுவிட்டேன். அவனைப் பார்த்து இன்னும் மூன்று நான்கு பேர் தங்கள் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வகுப்பறையில் இத்தனை வருஷம் மின்விசிறியைப் பார்த்த வாய்கள்.

மறுநாள் காலை மைக்கை எடுக்காமல் அவன் நடந்தே காலனிக்குப் போனான். வீடு வீடாகக் கூப்பிட்டிருக்கிறான். பெண்கள் கொஞ்சம் பேர் வந்தார்கள். திடலுக்குள் வராமல் ரோட்டோரமாகவே நின்றார்கள். சமையல்கார அம்மாவும் மற்றவர்களும் வரைபடத்தைச் சுற்றி நின்றார்கள். நடுவில் சாக்கடை.

"வந்து உங்க வூட்டைப் போடுங்க" என்று பையன் கூப்பிட்டான். ஒருவரும் நகரவில்லை.

"எடமே இல்லையே தம்பி, ரோட்டோட முடிஞ்சுபோச்சே" என்றார் சமையல்கார அம்மா. அதையும் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் கலர்ப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். வரைபடத்தின் ஓரக்கோட்டைக் கையால் அழித்தாள். "கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா" என்று நின்றவர்களை நகர்த்தி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோடு இழுக்க ஆரம்பித்தாள். ரோட்டோரம் நின்றவர்களில் ஒருத்தி, "தொட்டிக்குக் கீழாண்ட மொத வூடு எங்குளுது பாப்பா" என்று குரல் கொடுத்தாள்.

"நீ எதுக்குக் கண்ணு மண்ணுல பெரள்ற? அவங்களே போட்டுக்குவாங்க, எந்திரி" என்றார் சமையல்கார அம்மா.

அவள் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எங்க வூடும் காலனியிலதாங்க்கா இருக்குது. எனக்கு இது போட வரும்."

அந்த அம்மா, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அவள் கடைசி வீடு வரைக்கும் வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதற்குள் காலனிப் பெண்கள் இரண்டு பேர் சாக்கடையைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் நாங்கள் சாப்பிடக் கிளம்புவதற்கு முன்பே சாப்பாடு பள்ளிக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவே சுமந்துகொண்டு வந்து வராந்தாவில் இறக்கினார். "வெயில்ல உங்களுக்கு எதுக்குங்க டீச்சர் அலைச்சல்" என்றார். பக்கத்து வீடு! இங்கே தும்மினால் அங்கே கேட்கும். என்ன அலைச்சல்? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவர் கண்ணைப் பார்த்து விழுங்கினேன். அழுதிருந்தார். போகிறபோது என் பக்கம் குனிந்து, "களியும் கிண்டியிருக்கறேன். அதுக்குப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த மனுஷி அவளைக் கூடத்தில் உட்கார வைக்கவும் முடியாமல், அவளைப் பட்டினி போடவும் மனசில்லாமல் தவித்திருக்கிறார். தவிப்பு இருந்தால் என்ன, கதவு சாத்தினது சாத்தினதுதானே?

"ஏன் மேடம் இன்னிக்கு இங்க வந்துடுச்சு?" என்று கேட்ட பையன், பாதியிலேயே புரிந்து நிறுத்திக்கொண்டான்.

"எனக்காக வந்துச்சு" என்றாள் அவள். "எல்லாருக்கும் சேத்துத்தான் வந்திருக்குது. ஆறிடப்போவுது, உக்காரு."

யாருக்கும் இறங்கவில்லை. அவள் மட்டும் களியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் குண்டானைத் தேய்த்துக் கழுவினாள். "நான் குடுத்துட்டு வரட்டுமா?" என்று பையன் எழுந்தான். "நான் போறேன்" என்றாள். நான் கூடவே போனேன். என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த அம்மா வாசலுக்கு வந்தார். முதல் நாள் கன்னத்தைக் கிள்ளினவர், இன்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ எதுக்குக் கண்ணு தூக்கியாந்த... அந்தக் குழாய்கிட்ட வெச்சுட்டுப் போ."

அவள் வைக்கவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள். "கையில வாங்கிக்குங்கக்கா. கீழ வெச்சா மண்ணு ஒட்டும்."

அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார். அந்தக் கோடியைப் பார்த்தார். யாரும் இல்லை. படியிறங்கி வந்து வாங்கிக்கொண்டார். அவள் விரல் மேல் அவர் விரல் பட்டது, சட்டென்று எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கும் ஸ்கூலுக்கே கொண்டாந்து குடுத்துர்றேன் கண்ணு" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சரிங்க்கா. குண்டானைத் திருப்பிக் குடுக்க நான் வர்றேன்" என்றாள் அவள்.

முகாம் முடிகிற வரைக்கும் தினமும் அவள்தான் போனாள்.