அரிச்சா ஆறுதுன்னு அர்த்தமா?

இன்னிக்கு டவுன் பஸ்ல எனக்குப் பக்கத்துல ஒரு அம்மாவும் பத்து வயசுப் பொண்ணும்.

பொண்ணுக்குக் காது முன்னாடி பிறவியிலேயே ஒரு சின்ன ஓட்டை. சுத்தியும் செவந்து வீங்கியிருக்கு. மேல பளபளன்னு ஆயின்ட்மென்ட்.

"அரிக்குதும்மா."

"சொறியாதடி. அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்." ட்யூபை இன்னும் கொஞ்சம் பிதுக்கித் தடவுறாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எனக்கும் அதே இடத்துல அதே ஓட்டை.

எண்பதுகள்ல, ஏழாவது படிக்கிறப்போ, இதே மாதிரிதான் வீங்குச்சு. அப்பா தேரடி மருந்துக்கடையில கேட்டு ஒரு ஆயின்ட்மென்ட் வாங்கினு வந்தாரு. போட்டதும் அரிச்சுது. சொன்னேன். "அப்போ ஆறுது"னு இன்னும் ஜாஸ்தியா தடவுனாரு.

அரிப்பு கன்னம் வரைக்கும் வந்துடுச்சு. சொன்னா திரும்பத் தடவுவாரேன்னு சொல்றதையே விட்டுட்டேன். போர்வைக்குள்ள சொறிஞ்சேன்.

கடைசியில சீழ் வெச்சு, பெரியாஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க. டாக்டர் அப்பாகிட்ட, "மருந்து ஒத்துக்கலைங்க. அரிக்குதுன்னு பொண்ணு சொல்லவே இல்லியா?"ன்னாரு.

அப்பா என்னைப் பார்த்தாரு. நான் தரையைப் பார்த்தேன்.

பஸ்ல வாயை மூடினு இருக்க முடியல. "மருந்து ஒத்துக்கலைன்னாலும் அரிக்கும்ங்க. டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"நீங்க டாக்டரா?"

முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன்.

அந்தம்மா ட்யூபை மூடிட்டு, பொண்ணுகிட்ட மெதுவா, "எப்பலேர்ந்துடி அரிக்குது?"ன்னாங்க.

"மொத நாள்லேர்ந்தே சொல்றேனேம்மா."

எங்க வீட்ல யாரும் கேக்காத கேள்வி அது. உங்க வீட்ல கேட்டாங்களா, இல்ல நீங்களும் போர்வைக்குள்ளதானா?