கிரேனைப் பார்த்து நடந்தவன்

தென்காசியில் யாருக்கு வழி சொன்னாலும் மலையை வைத்துத்தான் சொல்லுவோம். மலையைப் பார்த்து நட, மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பு, அவ்வளவுதான். சென்னையில் மகளைக் கட்டிக்கொடுத்த தெருப் பக்கம் மலைக்கு எங்கே போவது? ஆனால் அந்தத் தெருமுனையில் சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். அதன் மேல் ஒரு மஞ்சள் கிரேன் நின்றது. பேத்தி பிறந்தபோது நின்றது, அவள் பள்ளிக்கூடம் போனபோதும் நின்றது. ரயில்தான் வரவில்லை. நான் கிரேனையே மலையாக வைத்துக்கொண்டேன்.

இந்த ஆனியில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தூரத்தில் தகரத் தடுப்புக்கு மேலே மஞ்சள் தெரிந்தது. அதைப் பார்த்தே நடந்தேன். கிட்டப் போனால் முனை டீக்கடையைக் காணோம், தெருவையும் காணோம். மகளைக் கூப்பிட்டேன்.

“எங்கப்பா நிக்கிய?”

“கிரேன்கிட்டதாம்மா நிக்கேன். உங்க தெருவத்தான் காணல.”

“இங்கன நின்ன கிரேன அடுத்த ஸ்டேஷன் வேலைக்குக் கொண்டு போயிட்டாவப்பா. நீங்க அது பின்னாலயே போயிட்டியளா?”

“அப்போ அங்கன ரயில் ஓடுதா?”

“எங்க ஓடுது? பள்ளம் அப்படியேதான் கெடக்கு.”

எனக்குக் கோபமான கோபம். இத்தனை வருஷம் அசையாததை இப்போது யார் நகர்த்தச் சொன்னது?

நான்கு நாள் கழித்துத் தென்காசியில் வந்து இறங்கினேன். சாரல். மேற்கே ஒன்றுமே தெரியவில்லை. வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இருந்தாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, மேகம் விலகும்வரை நின்று, மலை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நடந்தேன்.