இளகிக்கொண்டே போன முட்டை

என் வீட்டுக்காரருக்கு முட்டைப் பொடிமாஸ் என்றால் காய்ந்து முறுகலாக இருக்க வேண்டும். எண்ணெய் புகையும்வரை சட்டியைக் காயவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, முட்டையை நேராகச் சட்டியிலேயே உடைத்து ஊற்றி, உதிரி உதிரியாக வரும்வரை கரண்டியால் கொத்துவேன். ஓரமெல்லாம் சிவந்து, பல்லில் கடிபட வேண்டும். கல்யாணமாகி இந்த ராஜபாளையம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் மாற்றமே இல்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, இன்னைக்கு முட்டையில மிளகா போடாத. செத்த தளதளன்னு எடு."

"ஏன், உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வாய்ப்புண்ணு. சூடுதான். நேத்து பூரா மோட்டார் மாட்டத் தோட்டத்துல வெயில்ல நின்னேன்."

அவருக்குப் பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. கூமாப்பட்டி, புதுப்பட்டி பக்கமிருந்தெல்லாம் கருகிப்போன மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். செம்புக் கம்பியைச் சுற்றியபடி குனிந்தே உட்கார்ந்திருக்கிற வேலை. தூக்கம் தட்டாமல் இருக்க இடது கன்னத்தில் எப்போதும் ஒரு பொட்டலம் பாக்கு அடங்கியிருக்கும். அதை விடச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அன்றைக்கு வெங்காயமும் மிளகாயும் இல்லாமல், அரை டம்ளர் பாலை ஊற்றி முட்டையைக் கிண்டினேன். பால் தனியாக, முட்டை தனியாகத் திரிந்து, தட்டில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. அவர் அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். கேக், புட்டிங் எல்லாம் வீட்டிலேயே செய்வார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எம்புட்டுப் பால் ஊத்தினே? அரை டம்ளரா? அது முட்டையா, பாயசமா?" என்று சிரித்துவிட்டு அவரே வந்து எங்கள் அடுப்படியில் நின்றார். முட்டையை உப்போடு சேர்த்து, வெள்ளை இழை ஒன்றுகூடத் தெரியாதபடி முள்கரண்டியால் அடிக்கச் சொன்னார். பால் ஒரே ஒரு கரண்டி. அடித்ததைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அடுப்பு சிம்மில். வெண்ணெய் உருக வேண்டும், பொரியக் கூடாது. முட்டையை ஊற்றிய பிறகு அவசரப்பட்டுக் கொத்தாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

"இன்னும் வேகலியேன்னு உனக்குத் தோணும் பாரு, அப்ப இறக்கிரணும்," என்றார்.

மறுநாள் அதே மாதிரி செய்தேன். மேகம் மாதிரி மடிப்பு மடிப்பாக வந்தது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். "இதத்தான் இம்புட்டு நாளா செய்யாம விட்டியா?" என்று கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்து வாய்க்குள் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன்.

வாய்ப்புண் ஆறவில்லை. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், இளநீர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஜெல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. குழம்பை நிறுத்தினார். பிறகு தோசையை நிறுத்தினார். இட்லியைப் பாலில் ஊறவைக்கச் சொன்னார். முட்டை மட்டும் தினமும் வேண்டியிருந்தது. ஒருநாள் அதையும் பாதியில் ஒதுக்கிவைத்துவிட்டு, "ஓரத்துல குத்துது," என்றார்.

தட்டிலிருந்ததை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. அதில் குத்துவதற்கு என்ன இருக்கிறது?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். இவருக்கு ஒரே தங்கை. அண்ணன் வருகிறார் என்று கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். அவர் இலை முன்னால் உட்கார்ந்து, மோர்ச்சோற்றைக் கையால் கூழாகப் பிசைந்துகொண்டார். கறியைத் தொடவில்லை.

"அண்ணனுக்குக் காரம் ஆகாது. முட்டைதான் சாப்பிடுவாக," என்றேன்.

நாத்தனார் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் புகுந்த வீட்டில் பால்கோவா போடுகிறார்கள். அடிபிடிக்காமல் கிண்டுவது அவளுக்குக் கைவந்த விஷயம். முட்டையை ஊற்றிக் கிண்ட ஆரம்பித்தவள், சட்டியை அடுப்பிலிருந்து தூக்கினாள். தூக்கிய சட்டியிலேயே கிண்டினாள். மறுபடி அடுப்பில் வைத்தாள். மறுபடி தூக்கினாள். "சட்டிச் சூட்டுலயே வெந்துக்கிடும் மதினி. தீயில விட்டா இறுகிப்போவும்," என்றாள். கடைசியில், ஃபிரிஜ்ஜிலிருந்து ஜில்லென்று ஒரு கரண்டி பாலாடையை எடுத்து அதில் போட்டுக் கலக்கினாள். முட்டை வேகுவது அத்தோடு நின்றுபோனது. கரண்டியில் எடுத்தால் வழிந்தது.

அவர் சாப்பிடுவதை அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"மதினி, அண்ணன் ஏன் தலையச் சாய்ச்சு ஒரு பக்கமாவே சாப்பிடுது?"

"இந்தப் பக்கம் புண்ணு இருக்குல்ல."

"வாயே தொறக்க மாட்டேங்குதே. நீங்க உள்ள என்னன்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. காட்டவே மாட்டேன் என்கிறார் என்றேன். அவள் சட்டியில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். "வாயைத் தொறங்க, பாக்கணும்."

"என்ன, மாட்டுப்பல்லா பிடிச்சுப் பாக்கப் போற? போயி வேலையப் பாரு." அதைச் சொல்லும்போதே பல்லைத் திறக்காமல்தான் பேசினார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பேசுகிறார் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சாப்பாட்டுக் கரண்டியை ஒதுக்கிவிட்டு, சர்க்கரை டப்பாவில் கிடக்கும் சின்னக் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டார். அதையும் படுக்கைவசமாக, பல்லிடுக்கில் நுழைக்கிற மாதிரி விட்டார். பிரஷ் உள்ளே போகாமல் விரலால் பல் தேய்த்தார். பக்கத்தில் போனால் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. பாக்கு வாடை எனக்குப் பழக்கம். இது அது இல்லை. தலையணை உறையைத் துவைக்கப் போடும்போது அதிலும் இருந்தது.

டாக்டரிடம் போவோம் என்றால் அந்த மோட்டார் முடியட்டும், இந்த மோட்டார் முடியட்டும் என்றார். வற்புறுத்தினால் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். அதனால் நான் முட்டையை இன்னும் இளக்கினேன். இட்லிக்கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் மேல் ஒரு கிண்ணத்தை ஆவியில் உட்காரவைத்தேன். அடித்த முட்டையை டீ வடிகட்டியில் ஊற்றி, கட்டிப்பட்ட வெள்ளையையெல்லாம் ஒதுக்கினேன். வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, மரக்கரண்டியை நிறுத்தாமல் சுற்றினேன். ஆவியில் வேகுவதற்கு நேரம் பிடிக்கும். நெடுநேரம் தண்ணீராகவே கிடந்துவிட்டு, திடீரென்று கரண்டிக்குக் கனம் தெரியும். அந்த நேரத்தில் இறக்கிவிட்டால் மடிப்பும் கட்டியும் இல்லாமல், பால்கஞ்சி மாதிரி பளபளவென்று நிற்கும். அதைவிட மெத்தென்று முட்டையைச் செய்ய முடியாது.

ஒருநாள் அதில் பாதி சாப்பிட்டிருப்பார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. நான் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். மஞ்சளுக்கு நடுவே சிவப்பாக ஒரு இழை கிடந்தது.

நாட்டுக்கோழி முட்டையில் சில சமயம் ரத்தப்பொட்டு இருக்கும். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் வடிகட்டி எடுத்த முட்டை அது. அப்படியே தப்பி வந்திருந்தாலும் சூட்டில் கறுத்திருக்கும். இது கறுக்கவில்லை. சின்னக் கரண்டியின் ஓரத்திலும் இருந்தது.

அவர் திரும்பி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"வாரேன்," என்றாள்.

பஸ் பிடித்து வந்தவள் வீட்டுக்கு வராமல் நேராகக் கடைக்குப் போனாள். அவள் போன் பண்ணவும் நானும் அங்கே போனேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கூமாப்பட்டிக்காரர் ஒருவர் தன் மோட்டாருக்காகக் காத்து நின்றார்.

"வேலை கெடக்குது. நீ வீட்டுக்குப் போ, நான் பொறவு வாரேன்," என்று அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"வேலையப் பாரு. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தே இருந்தாள். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து, "அண்ணே, என் பேரச் சொல்லு பாப்போம்," என்றாள்.

"என்ன வெளாட்டு இது?"

"ஒரே ஒரு தடவ. சின்னப்புள்ளையில கூப்பிடுவியே, அப்படிக் கூப்பிடு."

கூப்பிட்டார். நாக்கு மேலே எழும்பவில்லை. பாதிப் பேர் தொண்டைக்குள்ளேயே கரைந்துபோனது. இன்னொரு தடவை முயன்றார். அதுவும் வரவில்லை. கூமாப்பட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் நின்றார். என் வீட்டுக்காரர் கையிலிருந்த கம்பியை அறுத்தார். சுவிட்சை அணைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்து, "சரி, போவோம்," என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனாருக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரிடம் போனோம். சின்ன வயது அம்மா. "மூணு விரல ஒண்ணுமேல ஒண்ணா வச்சு வாய்க்குள்ள விடுங்க," என்றார். இவரால் ஒரு விரலைத்தான் விட முடிந்தது. டாக்டர் லைட்டைப் பிடித்து இடது கன்னத்தின் உள்பக்கம் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளா," என்றார் இவர்.

"காரத்த நிறுத்தி ஏழெட்டு மாசம் இருக்கும்," என்றேன் நான்.

இன்றைக்கே மதுரைக்குப் போங்கள், இங்கே வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மதுரையில் சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் இருந்தோம். நான் ஆவியில் முட்டை வைத்தேன், அவர் சின்னக் கரண்டியால் சாப்பிட்டார். இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம். பாக்குப் பொட்டலங்களை அவரே சாக்கடையில் கொட்டினார்.

புற்றுநோய்தான். கன்னத்தோடு தாடை எலும்பிலும் கொஞ்சம் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையை எடுத்து அந்த இடத்தை மூடினார்கள். கண்விழித்தபோது எழுதிக்காட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. மூக்கில் குழாய். முட்டை வெள்ளையை அவித்துப் பாலில் அரைத்து வடிகட்டி, ஊசிக்குழலில் விட்டோம். அவர் வாயையே தொடாமல் சாப்பாடு வயிற்றுக்குப் போனது. பிறகு கதிர்வீச்சு, கரண்ட் என்பார்களே, அதை வைத்தார்கள், கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. நாத்தனார் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்களோடு கிடந்தாள்.

இப்போது குழாய் இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பேச்சு எனக்கும் நாத்தனாருக்கும் புரியும், மற்றவர்களுக்குப் பாதி புரியும். கடைக்குப் போகிறார். எச்சில் ஊறாததால் எதைச் சாப்பிட்டாலும் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். முட்டையில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிவதில்லை. நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

போன தடவை செக்கப்புக்குப் போனபோது மதுரை டாக்டர் வலது கன்னத்தை நெடுநேரம் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறதாம். "பயப்பட வேண்டாம், சீக்கிரமே இன்னொரு தடவ வாங்க, பாத்துக்கலாம்," என்றார். பயப்பட வேண்டாம் என்று இதற்கு முன்னால் அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.

நாளைக் காலையில் போகிறோம். நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொள்வாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்கேன் படங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "தங்கச் சொல்லுவாங்களோ?" என்று கேட்டார்.

"எதுக்குத் தங்கச் சொல்றாக? சாயங்காலம் வந்துருவோம்," என்றேன்.

இரண்டு நாளைக்கான துணியை மடித்து, பையின் அடியில் நான் ஏற்கெனவே வைத்துவிட்டேன்.