குடியை விட்ட கம்பவுண்டர்

கம்பவுண்டர் வேலைக்கு இரண்டு தகுதி போதும்: கை நடுங்கக் கூடாது, கலக்கிற மருந்தை ருசி பார்க்கக் கூடாது. விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இரண்டும் இருந்தன. நாலே வருஷத்தில் இரண்டும் போயின.

மதுவிலக்குக் காலம். மற்றவர்கள் சாராயத்துக்குப் பாண்டிச்சேரி எல்லைவரை போய்ப் போலீசுக்குப் பயந்து திரும்பினார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. வயிற்றுவலி மருந்தில் சேர்க்கிற இஞ்சி டிங்சர் முக்கால்வாசி சாராயம்தான். அலமாரியில் என் தோள் உயரத்திலேயே இருந்தது. இதைப் படிக்கிறவர்களில் குடியை விட்டவர்கள் சிலர் இருப்பீர்கள். விடுவது ஒரு கஷ்டம், விட்ட பிறகு நாளைக் கடத்துவது இன்னொரு கஷ்டம். இரண்டாவதைப் பற்றி யாரும் நம்மிடம் கேட்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

முகையூர்க்கார அம்மா

முதலில் குடித்த காலத்துக் கதை ஒன்று. முகையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா புருஷனுடைய வயிற்றுவலிக்கு மருந்து வாங்க வருவாள். கூலி வேலை செய்கிற குடும்பம். காலிப் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருவாள். வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பேன். காகிதம் சரியாக இருந்தது. உள்ளே இருந்த டிங்சரை நான் குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன்.

ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தாள். மூன்றாம் தடவை நேராக டாக்டரிடம் போனாள். புகார் சொல்லத் தெரியாதவள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: “அய்யா, உங்க மருந்து நல்ல மருந்துதாங்க. எங்க ஊட்டுக்காரரு உடம்புதான் அத்த ஏத்துக்க மாட்டேங்குதுங்க.”

ஊதச் சொன்னவள்

டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அன்றே வேலை போயிற்று. பல மாதம் கழித்து, குடியை விட்டு, திண்டிவனத்தில் இன்னொரு டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லி வேலை கேட்டேன். சேர்த்துக்கொண்டார். அங்கே ஆயாவாக இருந்த ரோசம்மாள் தினமும் காலையில் என்னை வாயால் ஊதச் சொல்வாள். நானே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. முகர்ந்து பார்த்து, “போங்க, உள்ள போங்க” என்பாள். அப்புறம்தான் அலமாரியைத் திறப்பேன்.

குடியை விட்ட மூன்றாம் வருஷம் ஒரு காலம். ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் வரிசையில் நின்ற நோயாளிகள் மேல் எரிந்து விழுந்தேன். நேரத்துக்கு வீட்டுக்குப் போகாமல், டாக்டர் நிறுத்திவைத்தார் என்று மனைவியிடம் பொய் சொன்னேன். என் அருமை யாருக்கும் தெரியவில்லை என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் மருந்துக்கு வந்த கிழவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி மேஜைமேல் ‘டக்’கென்று வைத்தேன். கூட்டிக்கொண்டிருந்த ரோசம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அருகில் வந்து ஊதச் சொன்னாள். ஊதினேன். என்னையே பார்த்தாள். “வாசனை ஒண்ணும் இல்ல. குடிக்காமலே குடிகாரன் மாதிரி ஆய்க்கினு வர்றீங்க கம்பவுண்டரே.”

ஏரிக்கரைக் கணக்கு

தச்சர் ஆறுமுகம் என்னோடு சேர்ந்து குடியை விட்டவன். சாராயம் கிடைக்காத நாளில் மரத்துக்கு அடிக்கிற, ஸ்பிரிட் கலந்த பாலிஷைக் குடித்தவன். ரோசம்மாள் சொன்னதை அவனிடம் சொன்னேன். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். இந்த வாரம் யாரிடம் பொய் சொன்னாய்? யார்மேல் கோபம்? வேலை இல்லாமல் எந்தத் தெரு வழியாகப் போனாய்? வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, தீரும்வரை பேச்சு. சில வாரம் வெட்கமாக இருக்கும். ஆனாலும் எழுந்து வரும்போது உடம்பு லேசாக இருக்கும்.

நாலு வருஷம் போனபின் ஆறுமுகம் வாராவாரம் வருவதை நிறுத்தினான். “சொல்றதுக்கு ஒண்ணும் இல்லபா” என்றான். நானும் வற்புறுத்தவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான். கோட்டக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கதவு, அலமாரி செய்யப் போனவன், வேலை முடிந்த அன்று பாலிஷைக் குடித்துவிட்டான். மறுநாள் அவன் மனைவி அவனைக் கையைப் பிடித்து எங்கள் டிஸ்பென்சரிக்கு அழைத்துவந்தாள். பட்டப்பகலில், விளக்கு ஏன் ஏற்றவில்லை என்று கேட்டான். டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. பார்க்கப் போன என் குரலைக் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். “குடிக்கணும்னு நெனச்சே போவலபா. நம்மள நாமே பாத்துக்கறத வுட்டு ஆறு மாசம் ஆச்சு, அவ்ளோதான்.”

ஒரு அவுன்ஸ்

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவன் வீட்டுக்குப் போனேன். கேள்விகள் அதேதான். குரலை வைத்தே என் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவான்.

அறுபதுகளில் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று டாக்டர் வெளியே போயிருந்தார். ரோசம்மாள் கிணற்றடியில் இருந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மட்டும் ஜன்னலருகே நின்றாள். குழந்தைக்கு மருந்து கலக்க டிங்சர் பாட்டிலைத் திறந்தேன். ஐந்து சொட்டு விட வேண்டும். அவுன்ஸ் கிளாஸ் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஊற்றினது என் கைதான். அதற்குள் கிளாஸைத் தூக்கியும் இருந்தது. அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்: “அய்யா, அது பூரா கொழந்தைக்கா?”

அத்தனையையும் தொட்டியில் கொட்டினேன். கிளாஸை மூன்று தடவை கழுவி, ரோசம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டுதான் குழந்தைக்கு மருந்து கலந்தேன். ஞாயிறுவரை பொறுக்காமல் மத்தியானமே ஆறுமுகம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுகிற சத்தம் அடங்கியதும் கையை நீட்டித் தேடி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். “வந்து சொன்னே பாரு, அதான்பா. நாளைக்கும் வா.”

மற்றவர்களுக்கெல்லாம் மூன்று நாள் மருந்து கொடுத்து அனுப்பியவன் நான். எனக்கு வாய்த்த மருந்தைத்தான் எந்த டாக்டரும் இன்றுவரை போதும் என்று சொல்லி நிறுத்தவில்லை.