வெறும் டிபன்தான்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு, ஒரு பெரிய வயிற்றுக்காக ஒரு மாதம் போய்வந்தேன். நான் பிசியோதெரபிஸ்ட். வயிற்றுக்குச் சொந்தக்காரர் நிலபுலம் உள்ளவர். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆக வேண்டும். மூச்சு போதவில்லை, மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்தால் மூன்றாவது பந்தும் எழும்ப வேண்டும், அப்போதுதான் ஆபரேஷன். அவருக்கு ஒன்று எழும்பும். இரண்டாவது லேசாக ஆடிவிட்டு உட்கார்ந்துவிடும்.

விலா எலும்புக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, இறுகிப்போன மூச்சுத் தசையை, உதரவிதானத்தை, தளர்த்துவது என் வேலை. அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிடல பாப்பா. வெறும் டிபன்தான்."

எட்டு இட்லி, இரண்டு வடை! எங்கள் பக்கத்தில் சோறு இறங்கினால்தான் சாப்பாடு. ஒரு வாரம் கரடியாகக் கத்தினேன். "ஆபரேஷன் உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்ட பிறகுதான் பட்டினி முகத்தோடு காத்திருக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம், என் விரல்கள் விலாவுக்கு அடியில் இருந்தபோது கேட்டார்: "நீ எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?"

அம்மாவைச் சொன்னேன். அவர் வயலில் இருபது வருஷம் நாற்று நட்டவள். அவரை 'ஐயா' என்று கூப்பிட்டவள். கொல்லைப்பக்கமாக வந்து, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாப்பிட்டுவிட்டுப் போனவள். நாளெல்லாம் குனிந்து நட்டும் அவளுக்கு மூச்சு வாங்கியதில்லை.

என் விரலுக்கடியில் உதரவிதானம் கல்லாகிவிட்டது. மூச்சையே நிறுத்திவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"மூச்ச விடுங்க சார்."

கொஞ்சம் பொறுத்து மூச்சை விட்டார்.

நாலாவது வாரம் மூன்றாவது பந்தும் எழும்பியது. சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "பாப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயி டிபன் குடு" என்று மனைவியிடம் சொன்னார். உள்ளே மேஜையில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். ஆறு இட்லி சாப்பிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

"உள்ளயா?" என்றாள்.

"உள்ளதான்மா. மேஜையில."



"என்ன போட்டாங்க?"

"டிபன்."

அம்மா சிரித்தாள். "அப்ப இன்னும் சோறு போடல."